நிழல் ஒன்று, சொல் இரண்டு
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் அரங்கேறிய கவிதைகளுள் சிறந்தவற்றைத் தேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு தொகுதி கொண்டுவருவதென்று சென்ற செயற்குழுவில் முடிவாயிற்று. அதனை ஒட்டி மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு என்னும் கடலைப் பற்றிப் பேச நான் தகுதியுடையவன் அல்லன். ஆங்கிலத்தில் 'ஷேட்' என்றும் 'ஷாடோ' என்றும் உள்ள இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் நம் பள்ளிக்கூட அகராதி நிழல் என்றே பொருள் சொல்லும். அந்த ஒற்றைச் சொல்லை நம்பி ஆங்கிலத்துக்குப் போகிறவர் எங்கே வழுக்குவார் என்பதே என் பேச்சு.

வழுக்கியதற்குச் சான்று நம்மிடமே இருக்கிறது. நம் கவிஞர் ஒருவர் தம் ஆசிரியருக்குக் காணிக்கையாக ஒரு கவிதை எழுதினார். ஐயாவின் நிழலில் இருபது ஆண்டுகள் இருந்தேன் என்பது அதன் சாரம். அன்பர் ஒருவர் அதனை ஆங்கிலமாக்கினார். நல்ல ஆங்கிலம், இலக்கணப் பிழை இல்லை. நிழல் என்னுமிடத்தில் 'ஷாடோ' என்று எழுதியிருந்தார். அந்த மொழியில் ஒருவருடைய 'ஷாடோ'வில் வாழ்ந்தேன் என்றால், அவர் பெயரும் புகழும் என்னை மறைத்துவிட்டன, அவர் இருக்கும்வரை என்னை எவரும் காணவில்லை என்று பொருள். காணிக்கை வைக்க வந்தவர் புகார் மனு கொடுத்தவராகிவிட்டார்! தமிழில் அதே தொடர் எத்தகைய நன்றியறிதல் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு சொல்லில் ஓர் எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் பொருள் சற்றே மாறும் என்று நாம் எண்ணுகிறோம். இங்கே பொருள் தலைகீழாயிற்று.

இவ்விரண்டு சொற்களின் பிறப்பு சுவையானது. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு அல்ல, ஒன்றே. அக்காலத்து ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கேற்ப வடிவம் மாறின. எழுவாயாக நின்ற வடிவத்திலிருந்து 'ஷேட்' பிறந்தது. பிற வேற்றுமைகளில் நின்ற வடிவத்திலிருந்து 'ஷாடோ' பிறந்தது. நம் மொழியில் வைத்துச் சொன்னால், மரம் என்பதும் 'மரத்தை', 'மரத்தில்' என்பவற்றில் வரும் 'மரத்து' என்பதும் ஒரே பெயரின் இரு நிலைகள். வேற்றுமை உருபுகள் தேய்ந்து மறைந்த ஒரு காலத்தில், மக்கள் 'மரம்' என்றால் நிற்கும் மரம், 'மரத்து' என்றால் வெட்டிய கட்டை என்று பிரித்து வழங்கத் தொடங்கினால் எப்படியிருக்கும்? அதுதான் அங்கே நடந்தது. புல்வெளியைக் குறிக்கும் 'மீட்', 'மெடோ' என்பனவும் இவ்வாறே பிரிந்தவை. ஆனால் அங்கே பொருள் பிரியவில்லை, 'மீட்' பாட்டுக்குள் ஒதுங்கிக்கொண்டது.

நம்மிடமும் இரு வடிவங்கள் உண்டு: நிழல், நீழல். யாப்புக்கு வேண்டியபோது நீட்டிக்கொண்டோம். பொருளைப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். வடமொழிச் சாயையும் அப்படியே. ஆகவே தமிழ் குறைபட்ட மொழி, ஆங்கிலம் நுட்பமான மொழி என்று யாரும் முடிவுகட்ட வேண்டா. ஆங்கிலம் தனக்கு நேர்ந்த ஒரு தற்செயலைப் பயன்படுத்திக்கொண்டது. அவ்வளவே.

சரி, வேறுபாடு என்ன? 'ஷாடோ'வுக்கு உருவம் உண்டு, விளிம்பு உண்டு, உடையவன் உண்டு. வானத்தில் பறக்கும் பருந்தின் 'ஷாடோ' வயலில் ஓடுகிறது. அதில் எவரும் இளைப்பாற முடியாது. 'ஷேட்' என்பது வெயில் படாத இடம். அதற்கு விளிம்பு முக்கியமில்லை, உள்ளே வந்து இருப்பவர்தாம் முக்கியம். 'ஷாடோ'வைப் பார்க்கிறோம், 'ஷேட்'டுக்குள் நுழைகிறோம். திருப்புடைமருதூர்க் கரையில் மருத மரத்தின்கீழ்த் துண்டை விரித்துப் படுத்தவர் 'ஷேட்'டில் இருக்கிறார். அந்தி நேரத்தில் அதே மரத்தின் வடிவம் ஆற்று மணலில் நீண்டு கிடப்பதைப் பாலத்திலிருந்து பார்ப்பவர் 'ஷாடோ'வைப் பார்க்கிறார். மரம் ஒன்று, வெயில் ஒன்று. நிற்கிற இடம் வேறு.

இதனை வானமே ஆண்டுக்கு இருமுறை நமக்கு நடத்திக் காட்டுகிறது. பாளையங்கோட்டை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டே முக்கால் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 12ஐ ஒட்டி, அதாவது சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்னும், ஆகஸ்டு இறுதியில், ஆவணி நடுவிலும் உச்சிப்பொழுதில் கதிரவன் நேர் தலைக்குமேல் நிற்கிறது. செங்குத்தாக நட்ட கம்புக்கு அந்தக் கணத்தில் நிழல் இராது. அறிவியல் இயக்கத்தார் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து இதைக் காட்டுகிறார்கள். 'நிழலில்லா நாள்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆங்கிலப் பெயரில் இருப்பது 'ஷாடோ'. நம் ஊர்ப் பாட்டி ஒருத்தியிடம் போய் 'இன்றைக்கு நிழலில்லா நாள்' என்று சொல்லிப் பாருங்கள்; மரத்தை எல்லாம் வெட்டிவிட்டார்களா என்று கேட்பாள். ஏனெனில் அந்த உச்சிப்பொழுதில்தான் வேம்பின் கீழும் புளியின் கீழும் 'ஷேட்' நன்றாகவே இருக்கிறது. கம்பின் 'ஷாடோ' மறைந்த வேளையில் குடையின் 'ஷேட்' நேரே நம் காலடியில் விழுகிறது.

வேறொரு சொல்லையும் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு மேற்கே பொழிந்து தீர்த்துவிட்டு வறண்ட காற்றாக இறங்கும் நிலத்தை ஆங்கிலப் புவியியலில் மழையின் 'ஷாடோ' என்கிறார்கள். நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்துச் செம்மண் காடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி மட்டும் மலைமேல் பெய்ததைக் கொண்டுவந்து கொடுக்காவிட்டால் நம் பள்ளத்தாக்கும் அப்படித்தான் இருக்கும். இதனைத் தமிழாக்கிய பாடநூலாசிரியர் 'மழை மறைவுப் பகுதி' என்றார். அவர் யாரோ, அவரை நான் வணங்குகிறேன். 'மழை நிழல்' என்று எழுதியிருந்தால் குற்றாலத்துச் சாரலைப் போலல்லவா அது குளிர்ந்திருக்கும்! சிலர் அப்படி எழுதவும் செய்கிறார்கள். பஞ்சத்துக்குப் பெயர் வைக்கப் போய்ப் பந்தல் போட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பாடநூலாசிரியர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தவர். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ஒருவர் நம் சீமையிலேயே தமிழ் கற்றார். 1839இல் இந்தியாவுக்கு வந்த ஜி. யு. போப், இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சாயர்புரத்தில் இளமைக் காலத்தைக் கழித்தார். அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இல் வெளிவந்தது. குறளில் நிழல் பல இடங்களில் வருகிறது. தீமை செய்தவனை அழிவு விடாது தொடர்வதற்கு நிழலை உவமை சொல்லும் 208ஆம் குறளில் போப் 'ஷாடோ' என்கிறார். அரணுக்கு வேண்டியவற்றுள் அழகிய நிழலுடைய காட்டையும் சேர்க்கும் 742ஆம் குறளிலும், நிழலும் நீரும்கூடக் கேடு செய்யுமானால் கேடுதான் என்னும் 881ஆம் குறளிலும் 'ஷேட்' என்கிறார். வள்ளுவர் ஒரு சொல்லால் சொன்னதைப் போப் ஒவ்வோரிடத்திலும் நின்று, இங்கே உட்காரலாமா, பார்க்கத்தான் முடியுமா என்று கேட்டுத் தீர்மானித்திருக்கிறார். 208இல் பரிமேலழகர் உரையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நெடுந்தொலைவு நீண்டு போன நிழலும் ஒருவனை விட்டுப் போகாமல் அவன் அடியிலேயே வந்து தங்குவதை அவர் காட்டுகிறார். உச்சிவெயிலில் நிழல் இல்லாமற் போகவில்லை, காலின்கீழ் ஒளிந்திருக்கிறது என்பதை இந்த ஊரில் நடந்து பார்த்தவனுக்கு விளக்க வேண்டுமா?

தப்பிப்போன இடமும் உண்டு. உழவு அதிகாரத்து 1034ஆம் குறளில் அரசரின் குடை நிழலும் உழவரின் கதிர் நிழலும் எதிரெதிரே வைக்கப்பட்டிருக்கின்றன. நெற்கதிர் தரும் நிழல் வெண்கொற்றக் குடையின் நிழலை வெல்லும் என்பது அந்தக் குறளின் உயிர். போப் கதிரின் நிழலைக் காப்பாற்றினார். குடை நிழலை ஆட்சி என்று பொருளாக்கிவிட்டார். எதுகைக்காகவும் சீருக்காகவும் செய்ததாக இருக்கலாம். ஆனால் இரண்டு நிழல்களில் ஒன்று போனதும் போட்டி போய்விட்டது. ஆங்கிலத்தில் குடையைக் குறிக்கும் சொல்லே நிழலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதை எண்ணும்போது ஆற்றாமையாக இருக்கிறது.

விவிலியத்தை மொழிபெயர்த்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. தமிழ் விவிலியத் திருத்தப் பணியில் ஈடுபட்டவர்களுள் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லும் ஒருவர். நம் திருச்சபைகளில் நெடுங்காலமாக வழங்கும் மொழிபெயர்ப்பில், 91ஆம் சங்கீதத்தில் இறைவனிடம் அடைக்கலம் புகுந்தவன் தங்குமிடம் நிழல். ஆங்கில விவிலியம் அங்கே 'ஷாடோ' என்கிறது. 23ஆம் சங்கீதத்தில் சாவின் பள்ளத்தாக்கு வருமிடத்திலும் ஆங்கிலத்தில் 'ஷாடோ', தமிழிலோ இருள். எபிரேயச் சொல்லே அங்குக் காரிருளைக் குறிப்பதாக அறிஞர் பலர் கொள்வதால் தமிழ் மொழிபெயர்ப்புக்கு மூலத்தின் துணையும் உண்டு. எனினும் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. தேரிக்காட்டு வெயிலில் வாழும் ஒரு சபையின் முன் நின்று சாவின் நிழல் என்றால், சாவு ஏதோ நல்லது செய்வதுபோல் ஆகிவிடாதா?

இப்போது ஓர் ஐயம் எழலாம். தமிழில் இந்த வேறுபாடே இல்லையா? இருக்கிறது. பெயர்ச்சொல்லில் இல்லை, உருபிலும் வினையிலும் இருக்கிறது. நிழலுக்கு ஒதுங்கினான், நிழலில் அமர்ந்தான், மரம் நிழல் தருகிறது என்றால் 'ஷேட்'. நிழல் விழுகிறது, நிழல் நீள்கிறது, தன் நிழலைக் கண்டு தானே அஞ்சினான் என்றால் 'ஷாடோ'. மர நிழல் என்று தொகையாகச் சொன்னால் பெரும்பாலும் இளைப்பாறும் இடம். மரத்தின் நிழல் என்று விரித்தால் தரையில் கிடக்கும் வடிவமாகவும் இருக்கலாம். என் நிழல் என்றால் என்னோடு வருவது. அதனோடு ஏழாம் வேற்றுமை உருபைச் சேர்த்து என் நிழலில் இரு என்று சொல்லுங்கள். உடனே நான் மரமாகிவிடுகிறேன்! அந்த 'இல்' உருபு ஏறிய இடத்தில்தான் நம் கவிஞரின் காணிக்கை கவிழ்ந்தது. தமிழில் 'இல்' சேர்ந்தால் புகலிடம்; ஆங்கிலத்தில் ஒருவருடைய 'ஷாடோ'வில் என்றால் மறைவிடம்.

பழமொழிகளும் இப்படியே தம் பொருளைத் தாமே காட்டும். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பதும், நிழல் நல்லதுதான், முசுறு கெட்டது என்பதும் 'ஷேட்'. நிழல்போலத் தொடர்ந்தான் என்பது 'ஷாடோ'. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சாயர்புரத்திலும் இடையன்குடியிலும் பனைகள்தாம் நிற்கின்றன. அவற்றைப் பார்த்துப் 'பனை நிழலும் நிழலோ' என்று கேட்பது நம் மக்கள் வழக்கு. மூன்றே சொற்கள். முதல் நிழல் தரையில் கிடக்கும் கோடு, 'ஷாடோ'. இரண்டாம் நிழல் மனிதன் ஒதுங்கும் இடம், 'ஷேட்'. பனைக்கு முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை என்பதுதான் கேள்வியே. ஒரே சொல்லை இருமுறை சொல்லி இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் இதைச் சொன்னால் இரண்டு வேறு சொற்கள் வந்து நிற்கும். செய்தி விளங்கும், கேலி போய்விடும். ஒரு மரம் தன் பெயருக்குத் தகுதியானதைத் தரவில்லையே என்னும் ஏக்கம், ஒரே சொல் மீண்டும் வருவதில்தான் இருக்கிறது.

இதனால்தான், நம் நண்பர் ஒருவர் சென்ற கூட்டத்தில் வைத்த கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 'ஷேட்'டுக்கு நிழல், 'ஷாடோ'வுக்குச் சாயை என்று வரையறுத்துக்கொண்டால் குழப்பம் தீரும் என்றார். அறிவியல் நூலுக்கு வேண்டுமானால் அது பயன்படட்டும். கவிஞன் கையிலிருக்கும் ஒரு விரிந்த சொல்லை அகராதிக்காரரின் வசதிக்காக நறுக்கிக்கொள்ள வேண்டுமா? நம் அகராதிகள் நிழலுக்கு எதிருருவம், குளிர்ச்சி, ஒளி, அருள், புகலிடம் என்றெல்லாம் பொருள் தருகின்றன. நிழலுக்கு ஒளி என்றும் பொருள் கண்ட மொழி இது. (துணிக்கடையில் மட்டும் 'ஷேட்' என்ற சொல் அப்படியே நுழைந்துவிட்டது. இதே நிறத்தில் வேறு 'ஷேடு' இருக்கிறதா என்று கேட்கும் பெண்களிடம் சாயை இருக்கிறதா என்று கேட்கச் சொல்ல முடியுமா?)

ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். செய்தித்தாள்கள் நிழல் உலக தாதா என்கின்றன. நிழல் அமைச்சரவை, நிழல் நிதிநிலை அறிக்கை என்கின்றன. 1978இல் வந்த ஒரு திரைப்படத்தின் பெயரே நிழலையும் நிஜத்தையும் எதிரிகளாக நிறுத்தியது. இவற்றில் வரும் நிழல் கறுத்தது, பொய்யானது, மறைவானது. நம் இளங்கவிஞர்களின் கவிதைகளிலும் நிழல் துரத்துகிறது, கழுத்தை நெரிக்கிறது, அறைச் சுவரில் ஏறி நிற்கிறது. விளக்கொளியில் நடக்கும் நகர வாழ்க்கைக்கு அந்த நிழலும் உண்மைதான். அதை எழுத வேண்டா என்று தடுக்க நான் யார்? என் ஐயம் வேறு. அந்த நிழல் தாம் கண்டதா, மேனாட்டுக் கவிதையில் படித்த 'ஷாடோ' தமிழெழுத்தில் வந்து அமர்ந்ததா என்பதை எழுதியவர் அறிந்திருக்க வேண்டும். வேனிலில் சந்திப்பிலிருந்து டவுனுக்கு நடந்தவனுக்கு நிழல் என்ற சொல் முதலில் எதைத் தரும்? சாலைகளை அகலப்படுத்த மரங்களை வெட்டியபின் ஊர்தோறும் கட்டிவைத்த பேருந்து நிறுத்தத்துக்குக்கூடப் பயணியர் நிழற்குடை என்றுதானே பெயர் எழுதினார்கள்? தகரக் கூரையின் கீழ் வெந்தாலும், எழுதிய சொல் நல்ல சொல்.

இறுதியாக, எனக்கு விடை தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஓரிடம். திருவடி நிழல் என்கிறோம். அப்பர் ஈசனுடைய அடி நிழலைப் பாடும்போது வீணையொலி, மாலை நிலவு, வீசும் தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று இன்பங்களை அடுக்குகிறார். ஆழ்வார்திருநகரியில் உறங்காப்புளியின் அடியில் நின்றால், நம்மாழ்வார் வழிவந்த சரணாகதி நெறிக்கும் அந்த மர நிழலுக்கும் உள்ள உறவு எவருக்கும் தோன்றும். ஆனால் பாதம் மரம் அன்று. தரையில் ஊன்றிய பாதத்துக்கு 'ஷாடோ' உண்டு, அதுவும் ஒரு கறுப்புக் கீற்றளவே, 'ஷேட்' கிடையாது. பனைக்கு இல்லாததைப் பக்தி பாதத்துக்குக் கொடுத்தது. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? 'ஷாடோ' என்றால் அந்தக் கீற்றுத்தான் மிஞ்சும். 'ஷேட்' என்றால் ஆங்கிலேயர் பாதத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். புகலிடம் என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டால் கருத்து நிற்கும், குளிர்ச்சி போய்விடும். என்னைக் கேட்டால், அண்ணாந்தே பார்க்கட்டும் என்பேன். திருவடிக்குக் கீழே நிற்பவன் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நம் தொகுதிக்கு வந்துள்ள கவிதைகளில் இவ்வகையில் நிழல் வருவன மூன்று இருக்கின்றன. கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். கைப்படியை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பதற்கு முன், நிழல் வரும் ஒவ்வோரிடத்திலும் ஓரத்தில் 'இருக்கலாம்' என்றோ 'பார்க்கலாம்' என்றோ பென்சிலால் குறித்துக் கொடுங்கள். இரண்டும் என்றால் இரண்டையும் எழுதுங்கள். அதன்பின் இரவெல்லாம் விழித்திருப்பது அவர் பாடு.